முதல் இரண்டுக்குப் பிறகு எதைப் பார்ப்பது: ‘ஏலியன்’ வரிசையின் பிற்காலப் படங்கள், ஓர் ஒப்பீடு

1979இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘ஏலியன்’ படத்தையும் 1986இல் ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய ‘ஏலியன்ஸ்’ படத்தையும் பார்த்து முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். அந்த இரண்டும் சிறந்த படங்கள் என்பதில் ரசிகர்களுக்குள் பெரிய தகராறு இல்லை. இரண்டில் எது மேல் என்பதில்தான் வாக்குவாதம். மூன்றாவதாக எதைப் பார்ப்பது என்று கேட்டவுடன் அந்த ஒற்றுமை கலைந்துவிடுகிறது. ஒருவர் 2024இல் வந்த ‘ஏலியன்: ராமுலஸ்’ என்பார். இன்னொருவர், அது பழைய காட்சிகளின் தொகுப்பு, 2012இன் ‘பிரொமீதியஸ்’தான் யோசிக்க வைக்கும் என்பார். மூன்றாமவர், முதல் இரண்டு படங்களின் நாயகியான ரிப்ளியின் கதையை முடிக்காமல் வேறெங்கும் போகக் கூடாது என்று 1992இன் ‘ஏலியன் 3’ பக்கம் கைகாட்டுவார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு விடுமுறை நாளின் இரவில் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி உட்காருகிறவருக்கு ஏதாவது ஒரு முடிவு தேவைப்படுகிறது.

இந்த மூன்று வழிகளையும் மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். ‘பிரிடேட்டர்’ என்ற இன்னொரு வேற்றுலக உயிரிப் பட வரிசையோடு மோதவிட்டு 2004லும் 2007லும் எடுக்கப்பட்ட இரண்டு படங்களும் வேறு வகை விளையாட்டு, அவற்றை விட்டுவிடலாம். 1997இல் வந்த ‘ஏலியன் ரெசரெக்‌ஷன்’, ரிப்ளியை 200 ஆண்டுகளுக்குப் பின் நகலுயிராகத் திருப்பிக் கொண்டுவருகிறது. ‘ஏலியன் 3’ பார்த்தவருக்கே அதில் பொருள் கிடைக்கும் என்பதால் அதுவும் அடுத்த படமாகத் தேர்ந்தெடுக்கத் தக்கதன்று. கதையின் சில திருப்பங்களைச் சொல்லாமல் பார்வையாளர்கள் ஏன் பிரிந்து நிற்கிறார்கள் என்பதை விளக்க முடியாது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு ‘ராமுலஸ்’ படத்தைப் பார்க்கலாம். என் முடிவும் அதுதான். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன், அதில் எங்கெல்லாம் எனக்கே தயக்கம் உண்டு என்பதை இனிமேல் சொல்கிறேன்.

முதல் இரண்டு படங்கள் நமக்கு எதைக் கொடுத்தன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த படங்களின் மீதான பாராட்டும் கோபமும் அங்கிருந்துதான் பிறக்கின்றன. முதல் படத்தில் ஏழு பேர் பணிபுரியும் ஒரு சரக்குக் கப்பல் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. நெடுந்தூக்கத்திலிருந்து எழுந்து சாப்பிட உட்கார்ந்ததும் அவர்களில் இருவர் பேசத் தொடங்குவது தங்களுக்குச் சேர வேண்டிய பங்குத்தொகையைப் பற்றி. சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர். கீகர் வடிவமைத்த அந்த வேற்றுலக உயிரி ஒருவரின் மார்பைப் பிளந்துகொண்டு வெளிவருவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. வளர்ந்த பிறகும் அது திரையில் தெரிவது சில நிமிடங்களே. அதைவிடக் கொடியது ஒன்று கப்பலுக்குள் முன்பே ஏறியிருந்தது: உயிரியைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அதற்காகப் பணியாளர்களை இழந்தாலும் பரவாயில்லை என்ற நிறுவனத்தின் ரகசிய ஆணை. இரண்டாவது படம் இந்தப் பயத்தைப் போர்க்களமாக விரித்து, அதன் நடுவே ரிப்ளிக்கும் நியூட் என்ற சிறுமிக்கும் இடையில் தாய்க்கும் மகளுக்கும் உள்ளது போன்ற ஒரு பிணைப்பை வைத்தது. ரிப்ளி வேடத்துக்காகச் சிகோர்னி வீவரின் பெயர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பயமூட்டும் படங்களுக்கு அக்காலத்தில் அது எளிதில் கிடைக்காத மதிப்பு.

ஆகவே இந்த வரிசையை நேசிப்பவர்கள் எல்லாரும் ஒரே பொருளை நேசிப்பதில்லை. சிலருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஓர் உயிரியின் மர்மம். சிலருக்கு ரிப்ளி என்ற பெண். இன்னும் சிலருக்கு, தன்னிடம் வேலை செய்கிறவர்களின் உயிருக்கு விலை வைக்கும் ஒரு நிறுவனத்தின் கதை. நான் இந்த மூன்றாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். உயிரி தன் இயல்புப்படி நடக்கிறது. அதை நமக்குள் அனுப்பிவைப்பது கணக்குப் பார்க்கும் மனிதர்கள் என்பதுதான் 1979 படம் என் மனத்தில் பதித்துவிட்டுப் போன செய்தி. பின்னால் வந்த படங்களை நான் அளப்பதும் இந்தக் கோலைக் கொண்டே.

‘ராமுலஸ்’ படத்தை இயக்கியவர் உருகுவே நாட்டைச் சேர்ந்த ஃபெடே ஆல்வரெஸ். கதை நடப்பது 2142இல். அதாவது 2122இல் நடக்கும் முதல் படத்துக்கும் 2179இல் நடக்கும் இரண்டாம் படத்துக்கும் இடையில், ரிப்ளி விண்வெளியில் உறங்கியபடி மிதந்துகொண்டிருக்கும் காலத்தில். சூரிய ஒளியே படாத ஒரு சுரங்கக் குடியிருப்பில் ரெய்ன் என்ற இளம்பெண் வாழ்கிறாள். அவளுடைய பெற்றோர் சுரங்க வேலையாலேயே நோயுற்று இறந்தவர்கள். ஒப்பந்தப்படி செய்ய வேண்டிய வேலை மணிகளை நிறைவு செய்துவிட்டு, ஊரைவிட்டுப் போக அனுமதி கேட்டு அலுவலக ஜன்னலின் முன் அவள் நிற்கும்போது, ஆள் பற்றாக்குறை என்பதால் ஒப்பந்தக் காலம் நீட்டிக்கப்பட்டுவிட்டது என்ற பதில் கிடைக்கிறது. ஜன்னலுக்கு அப்பால் இருப்பவரின் குரலில் கடுமைகூட இல்லை. இந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் படத்தை நான் பலரிடம் பரிந்துரைத்திருக்கிறேன். கைவிடப்பட்ட விண்வெளி நிலையத்துக்குள் அந்த இளைஞர்கள் ஏன் திருடப் போகிறார்கள் என்ற கேள்விக்கு வேறு எந்த விளக்கமும் தேவைப்படாதபடி முதல் 20 நிமிடங்களிலேயே படம் தன் அடித்தளத்தை முழுமையாகக் கட்டிவிடுகிறது.

ரெய்னுடன் இருப்பவன் ஆண்டி. குப்பையிலிருந்து அவளுடைய தந்தை எடுத்துச் சீர்செய்த பழைய செயற்கை மனிதன் அவன். ரெய்னுக்கு எது நல்லதோ அதைச் செய்வதே அவனுக்கு இடப்பட்ட ஒரே கட்டளை. தடுமாறி நடப்பான், தந்தை சொல்லிக்கொடுத்த அசட்டு நகைச்சுவைத் துணுக்குகளைச் சொல்வான், தெருவில் அடி வாங்குவான். விண்வெளி நிலையத்தில் கதவுகளைத் திறப்பதற்காக வேறொரு செயற்கை மனிதனின் நினைவுச் சில்லை அவனுக்குள் பொருத்துகிறார்கள். அந்த நொடியிலிருந்து அவன் திறமை கூடுகிறது, பேச்சு சீராகிறது; கட்டளையும் மாறிவிடுகிறது. இனி அவன் காக்க வேண்டியது நிறுவனத்தின் நலனை. டேவிட் ஜான்சன் என்ற பிரிட்டிஷ் நடிகர், தோள்களின் சாய்விலும் பார்வையின் நிலைப்பிலும் மட்டுமே இந்த மாற்றத்தைக் காட்டிவிடுகிறார். நண்பர்களில் ஒருத்தி கதவுக்கு அப்பால் மாட்டிக்கொண்டு கெஞ்சும்போது, திறந்தால் மற்றவர்களும் சாவார்கள் என்று கணக்கிட்டு அவன் திறக்காமல் நிற்கும் காட்சியில், முதல் படத்தின் ரகசிய ஆணை ஒரு முகத்தையும் குரலையும் பெறுகிறது. பிற்காலப் படங்கள் அனைத்திலும் மூலத்தின் கருத்தை உண்மையாகவே ஓரடி முன்னெடுத்துச் சென்ற இடம் இது என்று உறுதியாகச் சொல்வேன்.

பார்வையாளர்கள் பொதுவாகப் பாராட்டுவது வேறு இரண்டை. ஒன்று, கணினி வரைகலையை மட்டும் நம்பாமல் பொம்மைகளாலும் இயந்திரக் கருவிகளாலும் உயிரிகளைக் கண் முன்னே நடமாடச் செய்தது. ‘ஏலியன்ஸ்’ படத்துக்காக உழைத்த கலைஞர்கள் சிலரையே இதற்காக அழைத்திருந்தார்கள். மற்றொன்று, காட்சிகளுக்குள் வைக்கப்பட்டிருக்கும் விதிகளின் தெளிவு. முகத்தைப் பற்றிக்கொள்ளும் சிற்றுயிரிகள் வெப்பத்தை வைத்துத்தான் இரையை அறிகின்றன என்று சொல்லப்படுகிறது. உடனே அறையின் வெப்பத்தை மனித உடலின் வெப்பத்துக்கு உயர்த்திவிட்டு, அவற்றின் நடுவே மூச்சடக்கி நடந்துபோகிறார்கள். உயிரியின் அமில ரத்தம் கப்பலின் தளத்தையே துளைத்துவிடும் என்பது முதல் படத்திலிருந்து நமக்குத் தெரியும். அதனால் சுட முடியாது என்ற நிலையை, ஈர்ப்பு விசையை நிறுத்திவிட்டுச் சுடுவது என்ற யோசனையால் கடக்கிறார்கள். காற்றில் மிதந்து சுழலும் அமிலத் துளிகளுக்கிடையே ரெய்ன் வளைந்து நெளிந்து போகும் அந்தக் காட்சி, பழைய விதி ஒன்றிலிருந்து புதிய ஆபத்தை உருவாக்குவது எப்படி என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் படம் இடம்பிடித்தது தகுதியால்தான்.

குறைகளும் உண்டு, அவற்றை மழுப்பக் கூடாது. மிகப் பெரிய குறை ரூக் என்ற பாத்திரம். முதல் படத்தில் ஆஷ் என்ற செயற்கை மனிதனாக நடித்த இயன் ஹோம் 2020இல் காலமானார். அவருடைய முகத்தை, குடும்பத்தாரின் சம்மதத்துடன், இயந்திரப் பொம்மையாலும் கணினித் தொழில்நுட்பத்தாலும் மீண்டும் உருவாக்கி அதே வகையைச் சேர்ந்த இன்னொரு செயற்கை மனிதனாகப் பேச வைத்தார்கள். திரையரங்கில் பார்த்தவர்களில் பலர் அந்த முகத்தில் உயிரின்மையைக் கண்டு விலகிப்போனார்கள். வாயசைவு பொருந்தவில்லை என்ற புகார் பரவலாக எழுந்தது. வீட்டில் பார்ப்பதற்கான வெளியீட்டில் அந்தக் காட்சிகளைத் திருத்தியிருப்பதாக ஆல்வரெஸே சொன்னார். திருத்திய பதிப்பு ஓரளவு மேம்பட்டதுதான். ஆனால் என் மறுப்பு தொழில்நுட்பத்தைப் பற்றியது அன்று. நிறுவனத்தின் குரலாக ஒரு செயற்கை மனிதன் கதைக்குத் தேவை. அவனுக்கு அந்த முகம் தேவையில்லை. எந்த நடிகர் நடித்திருந்தாலும் பாத்திரம் நின்றிருக்கும். இறந்துபோன ஒரு கலைஞரின் முகத்தைத் திரும்பக் கொண்டுவரும்போது பார்வையாளரின் மனம் கதையை விட்டு அந்த முகத்தின் பின்னே போய்விடுகிறது, பிறகு திரும்பி வருவதற்கு நேரம் பிடிக்கிறது.

இரண்டாவது குறை, மேற்கோள்களின் பெருக்கம். ‘ஏலியன்ஸ்’ படத்தின் உச்சக்கட்டத்தில் நியூட்டைக் காப்பாற்ற ரிப்ளி அரசி உயிரியைப் பார்த்துச் சீறும் வசனத்தை, கதைக் காலப்படி அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே ஆண்டி சொல்கிறான். ஒரு பக்கம் கைதட்டல், மறு பக்கம் முனகல் என்று பார்வையாளர்கள் பிரிந்தது இந்த இடத்தில்தான். அந்த வசனத்துக்கு ஆற்றல் வந்தது சொற்களால் அன்று. மகள் போன்ற ஒருத்தியை இழந்துவிடுவோமோ என்று அதற்கு முந்தைய முழுப் படமும் ரிப்ளிக்குள் சேர்த்து வைத்திருந்த அச்சத்தால். அத்தகைய சேமிப்பு ஆண்டியிடமும் இருந்தும் அது இரவல் வசனத்தில் வீணானதே எனக்கு வருத்தம். அவனுக்கென்று சொந்தமாக ஒரு வசனம் எழுதியிருந்தால், அது இன்னொரு தலைமுறையின் நினைவில் நின்றிருக்கக்கூடும்.

கடைசிக் கால் மணி நேரத்தில் வரும் புதிய பிறவியைப் பற்றிய கருத்துகள் இன்னும் கூர்மையாகப் பிரிகின்றன. ‘பிரொமீதியஸ்’ படத்தில் வந்த கரிய திரவத்தை இங்கே கதைக்குள் கொண்டுவந்து, மனிதக் கருவோடு அது கலந்தால் என்ன ஆகும் என்று காட்டுகிறார்கள். ‘பிரொமீதியஸ்’ பார்த்தவர்கள் அந்தப் பிறவியின் முகச்சாயலை உடனே கண்டுகொள்கிறார்கள். பார்க்காதவர்களுக்கு அது விளக்கமில்லாத ஓர் அருவருப்பு. 1997 படத்தின் முடிவை இது திரும்பச் செய்கிறது என்ற குற்றச்சாட்டும் உண்டு, அதில் உண்மையும் உண்டு. எனினும் அந்த வேடத்தை ஏற்றவர், ஏழரை அடிக்கும் மேல் உயரமுள்ள ராபர்ட் போப்ரோட்ஸ்கி என்ற ருமேனியக் கூடைப்பந்து வீரர். 1979 படத்தில் உயிரியின் உடைக்குள் இருந்தவர் போலாஜி படேஜோ என்ற ஏறத்தாழ ஏழடி உயர நைஜீரிய இளைஞர். மனித உடலின் அளவையே சற்று மாற்றி நம்மை நடுங்க வைக்கும் அந்தப் பழைய உத்தி 45 ஆண்டுகளுக்குப் பிறகும் பலிக்கிறது. கருவுற்றிருப்பவர்களும், பிள்ளைப்பேறு தொடர்பான வலியான நினைவுகளை உடையவர்களும் இந்தப் பகுதியைத் தவிர்ப்பது நல்லது. இதை நான் வெறும் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை.

பிற இளைஞர்களின் பாத்திரங்கள் மெலிந்தவை என்பதையும், மார்பைப் பிளந்து வரும் குட்டி முழு உயிரியாக வளரும் வேகம் நம்ப முடியாதது என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். இவை படத்தைக் கெடுக்கவில்லை.

இரண்டாவது வழி, ரிட்லி ஸ்காட் தாமே திரும்பி வந்து எடுத்த ‘பிரொமீதியஸ்’ (2012), ‘ஏலியன்: கவனன்ட்’ (2017) ஆகிய இரண்டும். இவற்றைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். மனிதரைப் படைத்தவர்கள் யார், படைத்தவர்கள் பின்னர் ஏன் நம்மை அழிக்க நினைத்தார்கள் என்ற கேள்வியோடு ‘பிரொமீதியஸ்’ தொடங்குகிறது. ஐஸ்லாந்தின் டெட்டிஃபாஸ் அருவியின் விளிம்பில் வெண்ணிற உடலுடைய ஒரு பேருருவம் கரிய திரவத்தைக் குடித்துச் சிதைந்து நீரில் கலக்கும் அந்தத் தொடக்கக் காட்சியைப் பெரிய திரையில் பார்த்தவர்கள், படத்தின் மீது எவ்வளவு கோபம் இருந்தாலும், அதை மட்டும் குறை சொல்வதில்லை.

கோபம் வந்தது அதன் பிறகு. அறிவியலாளர்கள் வேற்றுலகில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார்கள். நிலப்படம் எடுக்கும் கருவிகளைப் பறக்கவிட்ட நிலவியலாளரே வழி தவறுகிறார். உயிரியலாளர் ஒருவர், பாம்பைப் போல் படமெடுத்து நிற்கும் ஒன்றைக் கொஞ்ச முனைந்து உயிரை விடுகிறார். உருண்டு வரும் மாபெரும் கப்பலிலிருந்து பக்கவாட்டில் விலகாமல் நேராக ஓடிச் சாகும் பெண்ணைப் பற்றிய கேலி இன்றும் ஓயவில்லை. இந்தக் கேலிகளில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அஞ்சிய மனிதர்கள் அறிவோடு நடப்பதில்லை. ஆனால் உயிரியலாளரின் செயலுக்கு அந்தச் சமாதானமும் பொருந்தாது, ஏனென்றால் அதற்குச் சற்று முன்புதான் அவர் ஒரு பிணத்தைக் கண்டே பயந்து விலகி ஓடினார். கேட்ட பெரிய கேள்விகளுக்குப் படம் விடை தராததைக் குறையாகச் சொல்பவர்களோடும் நான் சேரவில்லை. விடையில்லாத கேள்விகள் கதைக்கு அழகு சேர்க்கலாம். கேட்பவர்களின் அறிவில் நமக்கு நம்பிக்கை போய்விட்டால்தான் கேள்வியும் சிறுத்துவிடுகிறது.

அதே படத்தில்தான் இந்த வரிசையின் மிகத் துணிச்சலான காட்சியும் இருக்கிறது. தன் வயிற்றில் வளரும் அந்நியக் கருவை அகற்றுவதற்காக எலிசபெத் ஷா என்ற ஆய்வாளர் தானியங்கி அறுவை இயந்திரத்துக்குள் ஏறுகிறாள். அந்த இயந்திரமோ ஆண் உடலுக்கு மட்டுமே அமைக்கப்பட்டது. நூமி ராபாஸ் அந்தச் சில நிமிடங்களில் காட்டும் வேதனையும் பிடிவாதமும் ரிப்ளியின் வழித்தோன்றல் இவள்தான் என்று நம்ப வைத்தன. பார்வையாளர்கள் அவளை ஏற்றுக்கொண்டதால்தான் அடுத்த படத்தில் அவள் முன்பே இறந்துவிட்டாள், அதுவும் டேவிட்டின் சோதனைகளுக்கு இரையாகி இறந்தாள் என்று தெரிந்தபோது ஏமாற்றம் அவ்வளவு பெரிதாயிற்று.

டேவிட் என்பவன் மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்த செயற்கை மனிதன். ‘கவனன்ட்’ உண்மையில் அவனுடைய படம். தன்னைப் படைத்தவர்களை இகழ்ந்து, தானும் படைப்பாளியாக வேண்டும் என்ற வேட்கையில் ஓர் உலகத்தையே அழித்துவிட்டு, தனிமையில் உயிரிகளை வடித்துக்கொண்டிருக்கிறான். அவனைப் போலவே முகமுள்ள, ஆனால் படைப்பாற்றல் திட்டமிட்டுக் குறைக்கப்பட்ட வால்டர் என்பவனுக்கு அவன் புல்லாங்குழல் வாசிக்கக் கற்றுத்தரும் காட்சியில் ஒரே நடிகர் இரண்டு மனங்களை எதிரெதிரே அமர்த்துகிறார். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் கவிதையை இன்னொரு கவிஞரான பைரன் எழுதியதாகச் சொல்லித் தவறும் டேவிட்டை வால்டர் திருத்துவதும், அந்தச் சிறு பிழையிலேயே டேவிட்டின் மூளை கோளாறடைந்திருப்பது வெளிப்படுவதும் நுட்பமான எழுத்து.

ஆனால் ‘கவனன்ட்’ ஒரு விலையைக் கேட்கிறது. நாம் 1979இல் கண்ட உயிரியை உருவாக்கியதில் டேவிட்டின் கை இருக்கிறது என்று அது சொல்கிறது. முதல் படத்தில் இருக்கையோடு உறைந்து கல்லாகிப்போன அந்தப் பூதாகாரமான விமானியைப் பார்த்தபோது, மனிதன் தோன்றுவதற்கும் முன்பே நடந்து முடிந்த ஏதோ ஒரு பேரழிவின் எச்சம் அது என்று நமக்குத் தோன்றியது. அந்தக் காலத்தின் ஆழத்தை எடுத்துவிட்டு அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தை வைத்தால், மர்மத்தை நேசித்தவர்கள் கைவிடப்பட்டதாக உணர்வது இயல்பு. உருவாக்கியவனைக் காட்டியபின் உருவானதன் மேல் பயம் குறைகிறது. இன்னொரு விந்தை, உயிரிதான் வேண்டும் என்று ‘பிரொமீதியஸ்’ குறித்து முறையிட்டவர்களுக்காக ‘கவனன்ட்’ படத்தில் உயிரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதனால் தத்துவத்தை விரும்பியவர்களுக்கும் நிறைவில்லை, வேட்டையை விரும்பியவர்களுக்கும் நிறைவில்லை. ‘பிரொமீதியஸ்’ உலகம் முழுவதும் ஏறத்தாழ 40 கோடி டாலர் வசூலித்தது. அடுத்து வந்த ‘கவனன்ட்’ படத்துக்குக் கிடைத்தது சுமார் 24 கோடி. டேவிட்டின் கதையை முடித்து வைக்க வேண்டிய மூன்றாம் படம் எடுக்கப்படவே இல்லை. ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர், முடிவில்லாத ஒரு கதைக்குத் தம்மைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். ‘ராமுலஸ்’ சுமார் 8 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு 35 கோடி அளவுக்கு வசூலித்தது. இணையத் தளத்துக்காக மட்டும் திட்டமிடப்பட்டுப் பின்னர் திரையரங்குக்கு மாற்றப்பட்ட படம் அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பார்வையாளர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பது தெரியும்.

மூன்றாவது வழியான ‘ஏலியன் 3’, டேவிட் ஃபின்ச்சரின் முதல் திரைப்படம். இரண்டாம் படத்தில் ரிப்ளி உயிரைப் பணயம் வைத்து மீட்ட சிறுமி நியூட்டும், துணை நின்ற வீரன் ஹிக்ஸும் தொடக்கத்திலேயே தூக்கத்தில் இறந்துபோகிறார்கள். இதை இன்றுவரை மன்னிக்காத பார்வையாளர்கள் ஏராளம். ‘ஏலியன்ஸ்’ பார்த்த மறுநாளே இதைப் பார்க்கிறவருக்கு அது அடி வாங்கியது போலத்தான் இருக்கும். திரைக்கதை முடியாமலேயே படப்பிடிப்பு தொடங்கியது, தயாரிப்பு நிறுவனம் படத்தைத் தன் விருப்பப்படி வெட்டியது, ஃபின்ச்சர் அதைத் தம் படமாக ஏற்க மறுத்துவிட்டார். 2003இல் டிவிடி தொகுப்புக்காக அவருடைய பங்கேற்பு இல்லாமலேயே, படப்பிடிப்புக் காலத்துத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு ‘அசெம்பிளி கட்’ என்ற நீண்ட பதிப்பு வெளியிடப்பட்டது. திரையரங்குப் பதிப்பைவிட அது சுமார் 30 நிமிடங்கள் கூடுதல். உயிரி எந்த விலங்கிலிருந்து பிறக்கிறது என்பது முதல் ரிப்ளியின் கடைசிக் கணம் வரை அதில் மாற்றங்கள் உண்டு; கைதிகளின் பாத்திரங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது.

இந்தப் படத்துக்காக நான் வாதாடுவேன். ஒரு சிறைக்கோளில், உலகம் மறந்துவிட்ட குற்றவாளிகளுக்கு நடுவே, இறந்த இருவரின் உடல்கள் உலையில் இடப்படும்போது டில்லன் என்ற கைதி ஆற்றும் இரங்கல் உரையும், அதே நேரத்தில் இன்னோரிடத்தில் உயிரி பிறப்பதும் மாறிமாறிக் காட்டப்படுகின்றன. இழப்பை இவ்வளவு கனத்தோடு எடுத்துக்கொண்ட வேறொரு படம் இந்த வரிசையில் இல்லை. ஆயுதமே கிடையாது, தப்பிக்கும் வழியும் கிடையாது. நிறுவனம் வந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் உறுதி. தன் உடலையே நிறுவனம் கைப்பற்றாமல் தடுக்க ரிப்ளி எடுக்கும் முடிவு, முதல் படத்தில் அவள் அறிந்துகொண்ட ரகசிய ஆணைக்கு அவள் தரும் நேரடியான பதில். பொம்மையைத் தனியே படமெடுத்துக் காட்சியோடு ஒட்டியதால் உயிரி ஓடும் காட்சிகள் இன்று கண்ணை உறுத்துகின்றன, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ளக் கடினமானது அதன் இருள். அதனால்தான் இதைத் தரத்தில் ‘ராமுலஸ்’ படத்துக்கு மேலாக நான் வைத்தாலும், அடுத்த படமாகப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். நியூட் பிழைத்துவிட்டாள் என்ற மகிழ்ச்சியோடு சில மாதங்களாவது இருக்கப் பார்வையாளருக்கு உரிமை உண்டு.

வரிசை முறையைப் பற்றி அடிக்கடி எழும் ஒரு கேள்விக்கும் இங்கே விடை சொல்ல வேண்டும். கதை நிகழும் ஆண்டுகளின்படி ‘பிரொமீதியஸ்’ படத்தில் தொடங்கி, ‘கவனன்ட்’ பார்த்துவிட்டு, பிறகு 1979 படத்துக்கு வரலாமா என்று புதியவர்கள் கேட்கிறார்கள். கூடவே கூடாது. இரண்டு படங்கள் விளக்கிக் கொடுத்துவிட்ட ஒன்றை, அறியாதது போல மூன்றாவது படத்தில் எதிர்கொள்ள எவராலும் முடியாது. முட்டை திறக்கும்போது அதனுள் குனிந்து பார்க்கும் மனிதனோடு நாமும் குனிய வேண்டுமானால், அவனுக்குத் தெரிந்ததைவிட அதிகமாக நமக்குத் தெரிந்திருக்கக் கூடாது. கதைக் காலப்படி நடுவில் வருவதால் ‘ராமுலஸ்’ படத்தை முதல் இரண்டுக்கும் இடையில் வைத்துப் பார்க்கலாம் என்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்; அதன் மேற்கோள்கள் அனைத்தும் இரண்டாம் படத்தையும் பார்த்தவர்களை நோக்கியே எழுதப்பட்டவை.

ஆகவே மூன்றாவதாக ‘ராமுலஸ்’. வீட்டில் பார்ப்பதானால் திருத்தப்பட்ட பதிப்பே கிடைக்கும் என்பது கூடுதல் வசதி. விளக்கை அணைத்துவிட்டு, ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துப் பார்க்க வேண்டிய படம். அதில் ஆண்டியின் மாற்றம் மனத்தைத் தொட்டிருந்தால், அடுத்து ‘பிரொமீதியஸ்’, ‘கவனன்ட்’ ஆகிய இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்க்கலாம். ஒருத்தியைக் காப்பதற்காகவே இயங்கிய ஆண்டியைக் கண்டபின் டேவிட்டைச் சந்திக்கும்போது, அவன் மேல் வரும் அச்சத்தில் இரக்கமும் கலந்துவிடுகிறது, வெளியான வரிசையில் பார்த்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. ‘ராமுலஸ்’ படத்தில் உயிரியின் வேட்டை மட்டுமே பிடித்திருந்தால், அந்த இரண்டையும் தாண்டிச் செல்லலாம். இழப்பு ஒன்றும் இல்லை. ‘ஏலியன் 3’ படத்தைக் கடைசியில், அவசியம் ‘அசெம்பிளி கட்’ பதிப்பில், முந்தைய படங்களின் பரபரப்பு அடங்கிய பிறகு பார்க்க வேண்டும். 2025இல் எட்டுப் பகுதிகளாக வந்த ‘ஏலியன்: எர்த்’ தொடரை இவற்றில் எதற்கும் மாற்றாகக் கொள்ள வேண்டியதில்லை, 1979 படத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பாக, பூமியிலேயே நடக்கும் கதை அது, செயற்கை உடல்களுக்குள் குழந்தைகளின் மனங்களை ஏற்றும் நிறுவனத்தைப் பற்றியது என்பதால், முதல் படத்தை மட்டும் பார்த்தவரும் நேராக அதற்குள் நுழையலாம்.